நியாயத்தின் நிலைக்களம்: வைக்கத்து வீதிகள் உரைக்கும் பாடம்

மக்கள் கூடி வாழ்வதற்குச் சோறும் நீரும் எத்துணை இன்றியமையாதனவோ அத்துணை இன்றியமையாதது நியாயம். பசித்தவன் ஒரு நாள் பொறுப்பான். பிணியுற்றவன் ஒரு திங்கள் பொறுப்பான். தனக்கு அநியாயம் இழைக்கப்பட்டதென்று உணர்ந்தவனோ, அதனைத் தன் மக்களுக்கும் பேரர்க்கும் சொல்லிவைத்தே இறப்பான். ஆதலின் ஒரு சமூகத்தின் வலிமையை அளந்தறிய விரும்புவோர் அதன் செல்வத்தையும் தலைத்தொகையையும் பார்த்தல் போதாது; அதனிடத்து நியாயம் எதன்மேல் நிற்கின்றது என்பதையும் பார்த்தல் வேண்டும். அரசாங்கத்தின் ஆணைமேல் நிற்கின்றதா? முன்னோர் வழக்கத்தின்மேல் நிற்கின்றதா? அன்றி, மக்கள் நெஞ்சத்து அறத்தின்மேல் நிற்கின்றதா? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியை நாம் பொழுதுபோக்காக மேற்கொண்டோமல்லோம். அண்மையில் நம் சங்கத்தின் காரியக் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. நம் வகுப்பார் இருபது முப்பது குடும்பங்களாக வாழும் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தது அது. ஊரின் பெயரை ஈண்டு வெளியிடோம். வெளியிட்டால் அவ்வூரார் மட்டுமே நாணுவர். வெளியிடாவிடில் ஒவ்வோர் ஊராரும் இது தம்மூரைப் பற்றியதோ என்று ஒருகணம் எண்ணிப்பார்ப்பர். அதுவே நன்று. விண்ணப்பத்தின் முதற்பகுதி, ஊர்ப் பொதுக்கோயிலின் தேர் நம்மவர் தெருவுக்கு வருவதில்லை என்றும், வரி தண்டும்போது தம்மை அழைக்கும் மேலைத்தெருவார் வடம் பிடிக்கும்போது மாமூல் இல்லையென்று விலக்குகின்றனர் என்றும், இவ்வநியாயத்தை ஒழிக்கச் சங்கம் பொருளுதவி செய்து வழக்கு நடத்தித் தருதல் வேண்டும் என்றும் கூறுகின்றது. படிக்கும்போதே நெஞ்சம் கொதித்தது. இரண்டாம் பகுதி, கீழைத்தெருவார் தம்முள் இறந்தோரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுசெல்லுங்கால் நம்மவர் தெருவழியே பாடையை எடுத்துப்போக முற்படுகின்றனர் என்றும், வாய்க்காற் கரையைச் சுற்றிப் போவதே மாமூல் என்றும், அம்மாமூலைக் காக்கச் சங்கம் துணைநிற்றல் வேண்டும் என்றும் கூறுகின்றது. இரண்டு பகுதிகளும் ஒரே தாளில் இருந்தன. அவற்றின் அடியில் கையொப்பமிட்டோரும் ஒரே கூட்டத்தார்.

கமிட்டியில் கருத்து இரண்டுபட்டது. முதலாவதை ஏற்று இரண்டாவதைக் கண்டுங்காணாமல் விட்டுவிடலாம் என்றனர் சிலர். நம்மவர் கேட்பதை நாமே மறுத்தால் வேறு யார் தருவர் என்றனர் வேறு சிலர். முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அக்கூட்டத்திற்கு முன்னர் நம் வகுப்பார் அனைவரும் அமைதியாக இருந்து இதனை எண்ணிப்பார்த்தல் தகும் என்று கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

நியாயத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் நோக்கற்பாலது திருவள்ளுவர் அதற்கு அளித்த இடத்தையே. அரசனுக்குரிய முறைசெய்தலைச் செங்கோன்மை என்னும் அதிகாரத்தில் வைத்து, அதனைப் பொருட்பாலில் அமைத்தார் அப்பெரியார். ஆயின் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தையோ அறத்துப்பாலில் இல்லறவியலின்கண் வைத்தார். மனைவி மக்களோடு வாழ்பவனும், விருந்து ஓம்புபவனும், பண்டம் விற்பவனுமாகிய சாதாரணக் குடும்பியின் கடமைகளுள் ஒன்றாக அதனை எண்ணினார் என்பது இதனாற் பெறப்படும். துலாக்கோலை அவர் உவமை காட்டியதும் அவ்வதிகாரத்திலேயே. செய்ந்நன்றி அறிதலுக்கு அடுத்து அதனை வைத்தது ஏன் என்பதற்குப் பரிமேலழகர் கூறும் காரணம் மிகவும் நுண்ணியது. தனக்கு நன்றிசெய்தார் மாட்டு அந்நன்றியை நினைக்குமிடத்து நடுவுநிலைமை சிதைதல் கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதே அக்காரணம். நன்றியைப் பொருட்டாகக் கொண்டே நடுவு கோணலாகாதெனின், உறவைப் பொருட்டாகக் கொண்டும், ஒரே வகுப்பார் என்பதைப் பொருட்டாகக் கொண்டும் அது கோணலாமோ? நியாயம் கச்சேரியிற் பிறப்பதன்று. இல்லத்திற் பிறந்து தெருவில் நடந்து அதன் பின்னரே கச்சேரிக்குச் செல்வது என்பது இதனால் விளங்கும்.

இக்கொள்கை ஏட்டோடு நிற்பதா, உலகில் நடந்தும் காட்டியதா என்று வினவுவார்க்கு, நூறாண்டுகளுக்கு முன் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் நிகழ்ந்த வைக்கம் சத்தியாக்கிரகத்தின் வரலாற்றை எடுத்துக்காட்டுவோம். அதனைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் இரண்டு. அது தெருவைப் பற்றிய வழக்கு; நம் கமிட்டியின்முன் கிடக்கும் விண்ணப்பமும் தெருவைப் பற்றியதே. அன்றியும், அவ்வழக்கிற் சாதிச் சங்கங்களைச் சார்ந்த பெரியோர் பலர் பெரும்பங்கு கொண்டனர். நாமும் ஒரு சாதிச் சங்கத்தாரே.

வேம்பநாட்டுக் காயலின் கரையில் உள்ளது வைக்கம் என்னும் ஊர். ஆங்குள்ள சிவாலயம் மிகப் பழையது. அவ்வாலயத்தைச் சூழ்ந்த வீதிகள் பொதுப் பணத்தைக்கொண்டு செப்பனிடப்பட்டு வந்தன. எனினும் குறித்த எல்லைக்கு அப்பால் ஈழவரும் புலையரும் அவர்போன்ற பிறரும் அவ்வீதிகளிற் கால்வைத்தல் கூடாதென்று பலகை நாட்டியிருந்தனர். ஆடுமாடுகள் அவ்வீதிகளில் தடையின்றித் திரிந்தன. கிறித்துவரும் முகம்மதியரும் தடையின்றி நடந்தனர். நேற்றுவரை விலக்கப்பட்டவன் மதம் மாறி இன்று வருவானாயின் அவனையும் தடுப்பாரில்லை. தன் முன்னோர் வணங்கிய தெய்வத்தையே தானும் வணங்குவேன் என்று நின்றவனுக்கு மட்டுமே அப்பாதை அடைபட்டுக் கிடந்தது.

இதனை ஒழிக்கச் சட்டமே இல்லாமையால் இந்நிலை நேர்ந்ததோ எனின், அன்று. 1855-ஆம் ஆண்டிலேயே அச்சமஸ்தானத்தில் அடிமைமுறை அரச ஆணையால் ஒழிக்கப்பட்டது. 1865-இல், பொதுப்பாதைகள் எல்லா வகுப்பார்க்கும் உரியன என்று சர்க்கார் விளம்பரம் செய்தது. 1884-இல் அதனை மீண்டும் வற்புறுத்தியது. ஆயின் நடந்தது யாது? அவ்வாணை இராச வீதிகளுக்கே பொருந்தும், கிராம வீதிகளுக்குப் பொருந்தாது என்று ஒரு பாகுபாடு நீதிமன்றத்தில் எழுந்தது. ஆலயத்தைச் சூழ்ந்த வீதிகளைக் கிராம வீதிகளுள் அடக்கிவிடவே, ஆணை ஏட்டிலும் பலகை வீதியிலும் இருந்து வந்தன. இராச வீதியிலேனும் ஏழைக்கு வழி கிடைத்ததா? 1893-ஆம் ஆண்டில், வெங்ஙானூரைச் சேர்ந்த புலையர் தலைவராகிய அய்யன்காளி, தூய ஆடை அணிந்து வில்வண்டியொன்றில் அமர்ந்து பொதுச்சாலையிற் சென்றார். அதற்கே அவர் எதிர்ப்பையும் தாக்குதலையும் ஏற்க வேண்டியதாயிற்று. ஆணை பிறந்து 28 ஆண்டுகள் கடந்த பின்னரும், அதன்படி ஒருவன் நடந்துகாட்ட முற்பட்டது கலகமெனவே கொள்ளப்பட்டது. சட்டம் வேண்டா என்று நாம் கூறவில்லை. நெஞ்சத்தில் வேரில்லாத சட்டம் நட்ட கம்பம் போன்றது. நிற்பதுபோலத் தோன்றுமேயன்றித் தழைக்கமாட்டாது என்பதே நாம் கூறுவது.

இனி, வழக்கம் என்னும் வாதத்தை நோக்குவோம். 1923-ஆம் ஆண்டின் இறுதியிற் காக்கிநாடாவிற் கூடிய காங்கிரஸ் மகாசபையில், ஈழவர் வகுப்பினரும் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் முன்னணித் தொண்டருமாகிய டி. கே. மாதவன் தீண்டாமையைப் பற்றி எடுத்துரைத்தார். அதன் பயனாக 1924-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. முதல் நாளில் மூவர் சென்றனர்: புலையராகிய குஞ்ஞாப்பி, ஈழவராகிய பாகுலேயன், நாயராகிய கோவிந்தப் பணிக்கர். பலகையண்டை போலீசார் நிறுத்தி மூவரையும் சாதி கேட்டனர். நாயர் போகலாம், மற்ற இருவரும் போகலாகாது என்றனர். அவ்வீதியில் நடக்கக் கோவிந்தப் பணிக்கர்க்கு எந்நாளும் உரிமை உண்டு. அன்றும் அவர் ஒருவராக நடந்து சென்றிருப்பின் தடுப்பார் இலர். அவரோ, தம் தோழர் இருவரையும் விட்டு ஓரடியும் எடுத்துவைக்க மறுத்தார். மூவரும் ஒன்றாகவே சிறைப்பட்டனர்.

அன்பர்களே, நியாயத்தின் நிலைக்களம் யாது என்னும் வினாவிற்கு இந்நிகழ்ச்சியைக் காட்டிலும் தெளிவான விடை வேறு வேண்டுமோ? தமக்கு இல்லாத உரிமையைக் கேட்டு மற்ற இருவர் சிறை சென்றனர், அது வீரம். தமக்கு உள்ள உரிமை பிறர்க்கு இல்லையாதலின் அதனைத் தாமும் துய்ப்பதில்லை என்று மூன்றாமவர் சிறை சென்றார், அது நடுவுநிலைமை. வீரம் இன்றேல் வழக்கு எழாது. நடுவுநிலைமை இன்றேல் எழுந்த வழக்கு முடிவு காணாது.

தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறைப்பட்டனர். டி. கே. மாதவனும் கே. பி. கேசவ மேனனும் ஏப்ரல் மாதத்தொடக்கத்திலேயே உள்ளே சென்றனர். போராட்டம் தலைமையின்றித் தளரும் நிலையில் தமிழ்நாட்டிற்கு அழைப்பு வந்தது. பெரியார் ஈ. வெ. இராமசாமி ஈரோட்டினின்றும் சென்று ஊரூராகப் பேசி, இருமுறை சிறைபுகுந்தார். அவர் மனைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் அப்போராட்டத்திற் பங்குகொண்டனர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில், மலையாளத்தார் இன்றும் 99-ஆம் ஆண்டு வெள்ளம் என்று நினைவுகூரும் பெருவெள்ளம் வந்தது. வீதிகள் நீரில் மூழ்கின. தொண்டர்கள் தம் இடத்தை விடாது நீரிலேயே நின்றனர். அவர்களுட் சிலர் அடியும் உதையும் பட்டனர். சிலர் கண்களிற் சுண்ணாம்பு இடப்பட்டதும் உண்டு. திருப்பி ஒரு கையும் ஓங்கப்படவில்லை.

இவையெல்லாம் நிகழ்ந்தும் எதிர்த்தரப்பார் கூறிவந்தது ஒன்றே: இது எங்கள் தொன்றுதொட்ட வழக்கம் என்பது. 1925-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காந்தியடிகள் வைக்கத்திற்கு வந்து, வீதிகளின் மீது உரிமை பாராட்டிய நம்பூதிரியை இண்டந்துருத்தி இல்லத்திற்கே சென்று கண்டார். அடிகள் வைசிய வகுப்பினராதலின் இல்லத்தின் உள்ளே அழைக்கப்படாமற் புறத்தே இருந்து பேச நேர்ந்தது என்பர். பொதுவீதியில் மக்களை விலக்குதல் நியாயமோ என்று அடிகள் வினவினார். அவர்கள் முற்பிறப்பின் வினைப்பயனை நுகர்கின்றனர் என்ற கருத்தில் விடை வந்தது. வினைப்பயன் என்றே கொள்வோம்; அதற்குமேலும் தண்டனையைக் கூட்டுதற்கு நமக்கு என்ன அதிகாரம் என்ற கருத்தில் அடிகள் திரும்பக் கேட்டார். ஊர்ச் சவர்ணரின் கருத்தை வாக்கெடுத்து அறியலாம் என்றார். நடுவரை நியமிக்கலாம் என்றார். யாதொன்றும் ஏற்கப்படவில்லை. பிறர் துன்பத்திற்கு அவர்தம் வினையையே காரணமாகக் காட்டுவோர், அத்துன்பத்தில் தம் கையும் உண்டென்பதை மறைக்கின்றனர். வழக்கம் என்னும் சொல்லும் அத்தகையதே. யாரோ ஒருவர் ஒருநாள் ஏற்படுத்தியதையும், யாமே இன்றளவும் காத்துவருவதையும் மறைத்து, தானே தோன்றித் தானே நிற்பது போலக் காட்டுவது அது. அவ்வில்லம் பிற்காலத்திற் கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாயிற்று. வழக்கம் என்றும் மாறாதது என்று கருதுவோர் அதனைச் சென்று காண்பாராக.

இனி, சாதிச் சங்கத்தாராகிய நாம் சிறப்பாக நோக்கத்தக்க பகுதிக்கு வருவோம். நாயர் வகுப்பின் முன்னேற்றத்திற்காக 1914-ஆம் ஆண்டில் நாயர் சர்வீஸ் சொசைட்டி என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தவர் மன்னத்து பத்மநாபன். வீடுதோறும் பிடியரிசி தண்டிப் பள்ளிக்கூடங்களை எழுப்பியவர் அவர். தம் வகுப்பாரிடம் அவர்க்கிருந்த பற்றை ஐயுறுவார் எவருமிலர். அவரே 1924-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம்வரை சவர்ணர்களைத் திரட்டிக் கால்நடையாக ஒரு ஜாத்தாவை நடத்திச் சென்றார். விலக்கப்பட்டோர்க்கு வீதியைத் திறந்துவிடுக என்று, விலக்குகின்ற வகுப்பைச் சேர்ந்தோரே அரசியைக் கேட்கச் சென்ற யாத்திரை அது. தெற்கே தமிழ்ப் பகுதியாகிய சுசீந்திரத்திலிருந்து டாக்டர் எம். இ. நாயுடுவின் தலைமையில் மற்றொரு ஜாத்தா புறப்பட்டது. இரண்டும் தலைநகரை அடைந்தபின், 25,000-க்கு மேற்பட்ட சவர்ணர் கையொப்பமிட்ட விண்ணப்பம், சங்ஙனாச்சேரி பரமேசுவரன் பிள்ளை தலைமையிற் சென்ற தூதுக்குழுவினரால் ரீஜண்டு மகாராணி சேது லட்சுமி பாயிடம் சமர்ப்பிக்கப்பட்டது.

கையொப்பங்களின் தொகையைக்காட்டிலும் அவற்றின் தன்மையை எண்ணுமின். பெறுவதற்காகக் கையொப்பமிடுவோரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். விடுவதற்காகக் கையொப்பமிட்டோர் அவர்கள். தம் வகுப்பின் பெருமைக்கு அடையாளமென்று பலரும் எண்ணியிருந்த ஒன்றையே, அஃது எம் சிறுமை என்று எழுதிக்கொடுத்தனர். அதனால் நாயர் வகுப்பு தாழ்ந்ததோ எனின், இல்லை. அச்சங்கத்தின் பள்ளிகளும் கல்லூரிகளும் பல்கிப் பெருகின. வகுப்பின்மேற் பற்றுடைமையும் நடுவுநிலைமையும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இத்துணையும் நிகழ்ந்த பின்னர், 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், எல்லா வீதிகளையும் எல்லார்க்கும் திறத்தல் வேண்டும் என்னும் தீர்மானத்தை என். குமாரன் திருவிதாங்கூர்ச் சட்டசபையிற் கொணர்ந்தார். ஆதரவாக 21 வாக்குகளும் எதிராக 22 வாக்குகளும் விழுந்தன. ஒரே வாக்கினால் தீர்மானம் தோற்றது. ஓராண்டு வெயிலும் வெள்ளமும் சிறையும் ஒரு மனிதன் கை உயர்ந்ததனால் வீணாயினவோ என்று அன்று பலர் மனம் நொந்திருப்பர். ஆயின் வாக்குச்சீட்டினால் தோற்றது மக்கள் நெஞ்சிற் தோற்கவில்லை. தடைகள் சிறிது சிறிதாக விலகின. 1925-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ஆம் நாள் சத்தியாக்கிரகம் நிறுத்தப்பட்டபோது, ஆலயத்தின் மூன்று பக்கத்து வீதிகள் யாவர்க்கும் திறக்கப்பட்டிருந்தன. கீழைவீதி மட்டும் முன்போலவே ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. முழுவெற்றி என்று அதனைக் கூறுதல் உண்மையாகாது. 1926-இற் சுசீந்திரத்திலும் இதே கேள்வி எழுந்தது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் நாள், மகாராஜா சித்திரைத் திருநாள், அரசாங்கத்தைச் சார்ந்த ஆலயங்களின் கதவுகளையே இந்துக்கள் அனைவர்க்கும் திறந்துவைக்கும் விளம்பரத்தைப் பிறப்பித்தார். வீதியை மறுத்த நாட்டிற் பதினோராண்டிற் கோயிலே திறந்தது. 1865-ஆம் ஆண்டின் ஆணைக்கும் 1936-ஆம் ஆண்டின் ஆணைக்கும் வேற்றுமை யாதெனின், முன்னது மக்கள் நெஞ்சத்தை உழாமல் விதைக்கப்பட்டது; பின்னது உழுதபின் விதைக்கப்பட்டது.

இவ்வளவில் நிறுத்தினால், மேலுள்ளார் விட்டுக்கொடுத்தலே நியாயம் என்று கூறி நம்மவர் மகிழ்ந்து எழுந்துவிடக்கூடும். அம்மகிழ்ச்சிக்கு இடங்கொடோம். விலக்கப்பட்டோர்க்கும் ஒரு கடமை உண்டு. வைக்கத்து வீதியைக் கேட்டு நின்ற ஈழவர் வகுப்பினுள்ளேயே, புலையரைத் தம்மினும் தாழ்ந்தவரென்று விலக்கிவைத்தோர் அந்நாளிற் பலர் இருந்தனர். அதனைக் கண்டு நாணியவர் அவ்வகுப்பில் தோன்றிய கே. அய்யப்பன். சத்தியாக்கிரகத்திற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1917-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொச்சி நாட்டுச் செறாயி என்னும் ஊரிற் புலையச் சிறுவர்களை உடன்வைத்துத் தம் வகுப்பார் சிலரோடு சமபந்தி உணவு கொண்டார். மேலுள்ளோர் அன்று அவரைத் தண்டிக்கவில்லை. அவருடைய வகுப்பாரே அவரைச் சாதியினின்று விலக்கினர். புலையன் அய்யப்பன் என்று பெயரிட்டு இகழ்ந்தனர். அப்பெயரை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். நாராயண குரு அவர்க்கு ஆதரவளித்தார். பிற்காலத்தில் மக்கள் அவரைச் சகோதரன் அய்யப்பன் என்றே அழைத்தனர். இகழ்ந்தோர் இட்ட பெயர் மறைந்து, அறம் இட்ட பெயர் நின்றது.

மேலே இருப்போர் நம்மைத் தள்ளும்போது அதனை அநியாயம் என்கின்றோம். கீழே இருப்போரை நாம் தள்ளும்போது அதனை மாமூல் என்கின்றோம். ஒரே செயலுக்கு இரண்டு பெயர். கடையில் எடுப்பதற்கு ஒரு படியும் கொடுப்பதற்கு ஒரு படியும் வைத்திருக்கும் வணிகனை ஊரார் கள்ளன் என்பர். நியாயத்தில் இரண்டு படி வைத்திருப்போரை என்னென்பது? அவ்விண்ணப்பத்தில் கையொப்பமிட்டோர் கொடியர் என்று நாம் கருதவில்லை. அவருட் பலர் உழைத்து உண்பவர். கோயிலுக்கும் பள்ளிக்கும் தம்மாலியன்றதைக் கொடுத்தவர். தம்மை ஒருவர் தாழ்வாக நடத்தும் நோவை மறப்பதற்குத் தாம் தாழ்வாக நடத்த ஒருவர் வேண்டியிருக்கின்றது அவர்க்கு. அந்நோவு நமக்கும் தெரியும். ஆயின் நோவுக்கு நோவு மருந்தாகாது.

ஈண்டு ஒரு மறுப்பு எழும். சங்கம் ஏற்பட்டது நம் வகுப்பின் நன்மையைக் காப்பதற்கே. பிற வகுப்பாரின் வழக்கை நாம் ஏன் எடுத்துப் பேசுதல் வேண்டும் என்பது அம்மறுப்பு. இதற்கு விடை கூறுவோம். தேர்வழக்கில் நம் வக்கீல் எழுந்து, பொதுத்தெருவும் பொதுக்கோயிலும் எல்லார்க்கும் பொது என்று வாதிப்பார். எதிர்க்கட்சி வக்கீல் இவ்விண்ணப்பத்தின் இரண்டாம் பகுதியை எடுத்துக்காட்டி, பொதுத்தெரு எல்லார்க்கும் பொதுவாயின் இவர்கள் பாடையைத் தடுப்பானேன் என்று கேட்பாராயின், நம் வக்கீல் எதனைக் கூறுவார்? ஆதலின் நம் நன்மையைக் கருதினும் அப்பகுதி நமக்கு நஞ்சேயாம். ஆயின் இவ்விடையோடு நாம் அமைதல் தகாது. ஆதாயம் கருதி நேர்மையாய் இருப்பவன், ஆதாயம் மாறியபொழுது நேர்மையையும் மாற்றிவிடுவான். 1950-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியற்சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்பதும் உண்மையே. அச்சட்டத்துக்கு அஞ்சிப் பாடைக்கு வழிவிடுவோர் குற்றத்தினின்று தப்புவர். அறத்தை அடைந்தார் என்று அவரைக் கூறுவதற்கில்லை.

எனவே கமிட்டியாருக்கும் நம் வகுப்பார்க்கும் எம் கருத்தைப் பணிவுடனும் தெளிவுடனும் கூறிவிடுகின்றோம். விண்ணப்பத்தின் முதற்பகுதியைச் சங்கம் ஏற்கத்தான் வேண்டும்; தேர் நம் தெருவுக்கும் வருதல் நியாயம். இரண்டாம் பகுதியைக் கண்டுங்காணாமல் விடுதலும் தகாது. அதனை மறுத்தோம் என்று எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அதனோடு அமையாது, கமிட்டியாருள் இருவர் மூவர் அவ்வூருக்கு நேரிற் சென்று, நம்மவரோடு திண்ணையில் உட்கார்ந்து, இவ்வரலாற்றை அவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். தாளில் எழுதி அனுப்பும் மறுப்பு 1865-ஆம் ஆண்டின் ஆணைபோல் ஏட்டிலே கிடக்கும். நேரிற் சென்று பேசும் சொல்லே நெஞ்சை உழும். அங்ஙனம் செல்வதற்கு அன்பர் எவரும் முன்வாராராயின், இதனை எழுதிய நாமே செல்லச் சித்தமாயிருக்கின்றோம்.

அவ்வூர்ப் பெரியோர்க்கும் ஒரு சொல். இறந்தவனுக்குச் சாதி உண்டோ இல்லையோ, அவனைச் சுமப்பவர் தோளுக்கு நோவு உண்டு. மழைக்காலத்தில் வாய்க்காற் கரையின் சேற்றிற் பாடையைச் சுமந்து செல்வோர், நம் தெருவைத் திரும்பிப் பார்த்து யாது நினைப்பர் என்று ஒருமுறை எண்ணுமின். தேர் மேலைத்தெருவோடு திரும்பிச் செல்லும் நாளில் நீவிர் நினைப்பது எதுவோ, அதுவே அவரும் நினைப்பர். அவர் வழிவிடப் பெற்றால் நமக்குத் தேர் வரும் என்று நாம் உங்கட்குப் பேரம் பேசவில்லை. தேர் அடுத்த ஆண்டு வரலாம். வழக்கு நீண்டு பத்தாண்டு கழித்தும் வரலாம். தேர் வரினும் வாராவிடினும் பாடைக்கு வழி விடல் வேண்டும். கோவிந்தப் பணிக்கர் தமக்கு ஒரு பயன் கருதியா பலகையின்முன் நின்றுவிட்டார்? உடன்வந்தோர் நிற்க, தாம்மட்டும் நடத்தல் கூடாதென்றே நின்றார். சமூகத்தில் நியாயம் நிற்பதும் அவ்விடத்திலேயே.